ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளையின் எலும்புக்கு எது முதலில்: வைட்டமின் டி மாத்திரையா, ஸ்கேனா, ஓட்டமா?

ஏ.எல்.எல். எனப்படும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு சிகிச்சை. நோய் திரும்பாமலிருக்கத் தரும் மெயின்டனன்ஸ் மாத்திரைகளும் நின்ற பிறகு, ரத்த எண்ணிக்கை பார்க்க மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் காலம் ஒன்று வருகிறது. எலும்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் எழும். வைட்டமின் டி குறைவு என்று ஒரு ரிப்போர்ட் வரும், வாரம் ஒரு அறுபதாயிரம் யூனிட் எழுதித் தருவார்கள், சில வாரங்களில் எண் ஏறிவிடும். எலும்பு விஷயம் முடிந்தது என்று ஃபைலை மூடிவிடுவார்கள்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறைவு இருந்தால் வைட்டமின் டியைச் சரிசெய்தே ஆக வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் போதுமான அளவு இருக்கும் பிள்ளைக்கு மேலும் மேலும் டி கொடுப்பதால் எலும்பு உறுதியாவதில்லை. அந்தப் பணமும் கவனமும் முதுகெலும்புப் படத்துக்கும் ஹார்மோன் பரிசோதனைக்கும் ஓட்டம் விளையாட்டுக்கும் போனால் பலன் அதிகம். ஏன் அப்படி என்பதை ஒவ்வொரு தேர்வாக எடுத்துப் பார்க்கலாம்.

எலும்பு எதனால் மெலிந்தது

இது தெரியாமல் மருந்தைத் தேர்வு செய்ய முடியாது. முதல் காரணம் ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோனும் டெக்ஸாமெத்தசோனும் லுகேமியா அணுக்களைக் கொல்கின்றன. கூடவே எலும்பைக் கட்டும் அணுக்களையும் முடக்குகின்றன, குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன, சிறுநீரில் அது வீணாவதைக் கூட்டுகின்றன. இரண்டில் டெக்ஸாமெத்தசோன் எலும்புக்குக் கடுமையானது. மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தும் எலும்பு கட்டும் அணுக்களைத் தாக்கும். வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து எலும்பைத் தொடுவதில்லை. ஆனால் கால் நரம்புகளைப் பலவீனமாக்குவதால் பாதம் தொங்கி, பிள்ளை தடுக்கி விழுகிறது. மெலிந்த எலும்போடு இந்த விழுதல் சேரும்போதுதான் முறிவு. மூளைக்குக் கதிர்வீச்சு, அதாவது நம் ஊர் வழக்கில் தலைக்குக் கரண்ட், வைத்திருந்தால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் குறையலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நோயே மஜ்ஜைக்குள் இருந்து எலும்பை அரித்திருக்கிறது.

கனடாவில் பல குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஸ்டாப் என்ற நீண்டகால ஆய்வு இதை எண்ணால் காட்டியது. ஏ.எல்.எல். கண்டுபிடிக்கப்பட்ட நேரத்திலேயே, ஸ்டீராய்டின் பாதிப்பு தொடங்குவதற்கு முன்பே, 16 சதவீதக் குழந்தைகளுக்கு முதுகெலும்பில் அமுக்க முறிவு இருந்தது. ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதுகெலும்பு முறிவு. முறிவுகள் அதிகம் வந்தது சிகிச்சையின் முதல் ஆண்டில். பலருக்கு வலியே இல்லை.

இந்தப் பட்டியலில் வைட்டமின் டி குறைவு ஒரு காரணம்தான். தனியாக நின்று இவ்வளவையும் செய்தது அதுவல்ல. ஆகவே தனியாக நின்று இவ்வளவையும் சரிசெய்யவும் அதனால் ஆகாது.

டெஸ்ட் எடுத்துக் கொடுப்பதா, எடுக்காமலே கொடுப்பதா

சாதாரணக் குழந்தைக்கு டெஸ்ட் எடுக்காமல் தினம் 600 யூனிட் கொடுத்தால் போதும். ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்கப்படும் அளவு அதுதான். லுகேமியாவிலிருந்து மீண்ட பிள்ளைக்கு ஒருமுறையாவது டெஸ்ட் எடுப்பது நல்லது என்கிறோம். காரணம், இவர்களில் மூன்று வகையினருக்கு வழக்கமான அளவு போதாது. தலைக்குக் கரண்ட் வைத்ததாலோ ஸ்டீராய்டாலோ உடல் எடை கூடியவர்களுக்குக் கொழுப்புத் திசு வைட்டமின் டியைத் தேக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். வலிப்புக்காக ஃபெனிடோயின், ஃபெனோபார்பிடோன் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களின் கல்லீரல் வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கும். மஜ்ஜை மாற்று செய்துகொண்டு வெயிலைத் தவிர்த்து வருகிறவர்கள் மூன்றாவது வகை.

கேட்க வேண்டிய டெஸ்ட் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பெயர் ஒத்திருக்கும் 1,25-டைஹைட்ராக்ஸி டெஸ்ட்டைத் தவறுதலாக எடுத்துவிட்டால் கையிருப்பு தெரியாது. குறைவு இருக்கும்போதும் அது இயல்பாகவோ கூடுதலாகவோ காட்டக்கூடும். ரிப்போர்ட்டைப் படிக்கையில் அலகைக் கவனியுங்கள். நானோகிராம் கணக்கில் 20 என்பதும் நானோமோல் கணக்கில் 50 என்பதும் ஒன்றே. இரண்டரையால் பெருக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வரையறைப்படி ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் போதுமானது, 12 முதல் 20 வரை பற்றாக்குறை, 12க்குக் கீழ் குறைபாடு. பல லேப்கள் 30க்குக் கீழ் இருந்தாலே சிவப்பில் அச்சிடுகின்றன. 24 என்று வந்த பிள்ளையின் வீட்டில் நடக்கும் கலவரத்துக்கு அந்தச் சிவப்பு மைதான் காரணம்.

அதோடு கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் பார்த்தால், எண் குறைவாக இருப்பது எலும்பைப் பாதிக்கத் தொடங்கிவிட்டதா என்று தெரியும். மறுபடி டெஸ்ட் எடுப்பது பன்னிரண்டு வாரம் கழித்து, அதே லேபில். ஒரே ரத்தத்துக்கு இரண்டு லேப் இரண்டு எண் தருவது சகஜம். மாதாமாதம் எடுப்பது வீண்செலவு. ஒரு டெஸ்டின் கட்டணம் பெரும்பாலும் முழு கோர்ஸ் மாத்திரையின் விலையைத் தாண்டிவிடும்.

தினமும் சிறிய அளவா, வாரம் அறுபதாயிரமா, ஊசியா

குறைபாடு உறுதியான பிறகு வருகிற கேள்வி இது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் திருத்திய வழிகாட்டலில் தினசரி அளவுக்கே முதலிடம் கொடுத்தது: ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தினம் 3,000 யூனிட், 12 வாரம். தினமும் கொடுக்க முடியாத வீடுகளுக்குத்தான் இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தினம் 3,000 வீதம் 84 நாளில் மொத்தம் 2,52,000 யூனிட். வாரம் 60,000 வீதம் ஆறு வாரத்தில் 3,60,000. வாரம் 60,000 என்பது நாளுக்குச் சராசரியாக 8,500க்கும் மேல். அதையே மாதம் ஒன்று என்று மாற்றினால் நாளுக்கு 2,000 ஆகிவிடும். அது அன்றாடத் தேவையான 600ஐ விட மூன்று மடங்கு என்றாலும், ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாதுகாப்பு உச்சவரம்பு 4,000 என்பதால் அதற்குள் அடங்கும். நான்கு முதல் எட்டு வயதுக்கு உச்சவரம்பு 3,000. ஒன்று முதல் மூன்று வயதுக்கு 2,500.

ஆனால் இரண்டரை ஆண்டு தினமும் மாத்திரை விழுங்கிக் களைத்த பிள்ளை அது. மெர்காப்டோப்யூரின் என்ற மெயின்டனன்ஸ் மாத்திரை நின்ற மகிழ்ச்சியில் இருக்கும் வீட்டில் இன்னொரு தினசரி மருந்து பல நேரம் இரண்டாம் வாரத்திலேயே மறந்துபோகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாரம் ஒரு நாள், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் வெறும் வயிற்றில் கொடுப்பதைவிடச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் நன்றாகச் சேரும்.

வாராந்திர முறையில் தவறு நடப்பது நான்கு இடங்களில். ஒன்று, சீட்டில் வாரம் ஒன்று என்று எழுதியிருக்க, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் கொடுத்துவிடுவது. நஞ்சாகும் அளவுக்குப் போகும் சம்பவங்களில் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்பத் தென்படும் காரணம். இரண்டு, அறுபதாயிரம் யூனிட்டும் 5 மில்லி பாட்டிலில் திரவமாகக் கிடைக்கிறது. மில்லிக்கு 400 அல்லது 800 யூனிட் உள்ள குழந்தைகளுக்கான சொட்டு மருந்தும் திரவமாகவே கிடைக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிவிட்டால் வித்தியாசம் பல மடங்கு. மூன்று, ஆறு வாரம் முடிந்தும் நிறுத்தாமல் மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது. நான்கு, புற்றுநோய் மருத்துவர் எழுதியது தெரியாமல் எலும்பு மருத்துவரும் எழுதுவது. ரத்தத்தில் 100 நானோகிராமைத் தாண்டி, கால்சியமும் ஏறினால் அது நஞ்சு நிலை. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு ஆகியவை அறிகுறிகள். இதே அறிகுறிகளைக் கண்டு நோய் திரும்பிவிட்டதோ என்று குடும்பம் பதறும். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா வைட்டமின் அட்டைகளையும் பாட்டில்களையும் எடுத்துப் போவது அதற்காகத்தான்.

மூன்று லட்சம், ஆறு லட்சம் யூனிட் ஊசியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தசையிலிருந்து அது எவ்வளவு வேகத்தில் ரத்தத்துக்கு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கூடுதலானால் திரும்ப எடுக்க வழியில்லை. வாயால் எதுவும் சேராத, குடல் உறிஞ்சாத பிள்ளைக்கு மட்டும் மருத்துவர் யோசிக்கலாம்.

மருந்துக் கடையில் இன்னொரு வலை இருக்கிறது. கால்சியம் மாத்திரை என்று தரப்படும் பலவற்றில் டி3 என்ற பெயரில் இருப்பது கால்சிட்ரியால், 0.25 மைக்ரோகிராம். அது உடலில் நேரடியாக வேலை செய்யும் ஹார்மோன் வடிவம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உரியது. அதை ஆறு மாதம் சாப்பிட்டாலும் 25-ஹைட்ராக்ஸி அளவு ஏறாது, கால்சியம் மட்டும் ஏறும் அபாயம் உண்டு. அட்டையின் பின்பக்கம் கோலிகால்சிஃபெரால், அதாவது சாதாரண வைட்டமின் டி3, என்று இருக்கிறதா பாருங்கள்.

வெயில் இவ்வளவு இருக்கும் ஊரில் மாத்திரை எதற்கு?

வெயில் இலவசம், அளவு மீறி நஞ்சாவதில்லை. ஆனால் நம் ஊரில் சொல்லப்படும் காலை ஏழு மணி இளவெயிலால் வைட்டமின் டி கிட்டத்தட்டக் கிடைக்காது. தோலில் டி உருவாக வேண்டிய புற ஊதா பி கதிர் சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் தரைக்கு வரும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அது சுமாராகப் பத்து மணியிலிருந்து மூன்று மணி. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. கருத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் தேவை. அந்த நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தின் உள்ளே, முழுக்கால் சீருடையில் இருக்கும்.

மீண்ட பிள்ளைகளுக்குத் தனித் தடைகளும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டும் மெர்காப்டோப்யூரினும் சாப்பிடும் காலத்தில் தோல் வெயிலுக்கு எளிதில் எரிச்சலடையும். கதிர்வீச்சுப் பட்ட இடத்தில் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் தலைக்குத் தொப்பி வேண்டும். மஜ்ஜை மாற்றுக்குப் பின் வெயில் படுவது, கொடுத்தவரின் அணுக்கள் பிள்ளையின் உடலைத் தாக்கும் ஒட்டுத் திசு எதிர்வினையைக் கிளறிவிடலாம். ஆகவே வெயிலை மருந்தாகக் கணக்கிட வேண்டாம். மாலை நாலரைக்கு மைதானத்துக்கு அனுப்புங்கள். அது டிக்காக அல்ல, ஓடுவதற்காக.

உணவில் வைட்டமின் டி மிகக் குறைவு. முட்டை மஞ்சள்கரு, மத்தி போன்ற கொழுப்பு மீன், செறிவூட்டிய பால், அவ்வளவுதான். கால்சியத்துக்கு நிலைமை வேறு. அங்கே உணவு மாத்திரையைவிட மேல். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் வகுத்த அளவுப்படி ஏழு முதல் ஒன்பது வயதுக்கு நாளுக்கு 650 மில்லிகிராம், பத்து முதல் பன்னிரண்டுக்கு 850, பதின்மூன்று முதல் பதினைந்துக்கு 1,000. அரை லிட்டர் பால் அல்லது அதற்கு இணையான தயிரில் ஏறக்குறைய 600 கிடைத்துவிடும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 இருக்கிறது, ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் ஒரு பகுதி உடலில் சேராமல் தடுக்கும். முளைகட்டி அரைத்தால் தடை குறையும். எள்ளுருண்டை, எலும்போடு மெல்லும் நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் கணக்கில் சேரும். பாலும் மீனும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மட்டும் மாத்திரை. 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள அசல் கால்சியம் 500தான். அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கார்பனேட் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் நான்கு மணி நேர இடைவெளி. இரும்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள்.

குறைவில்லாதவருக்கும் கொடுத்தால் பலன் உண்டா?

இந்தக் கேள்வியை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில், ஏ.எல்.எல்.லிலிருந்து மீண்டு, எலும்பு அடர்த்தி சராசரிக்குக் கீழே இருந்த, 9 முதல் 36 வயது வரையிலான 275 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இருபக்கமும் உணவு ஆலோசனை. ஒரு பக்கத்துக்கு மட்டும் தினம் 800 யூனிட் வைட்டமின் டியும் 1,000 மில்லிகிராம் கால்சியமும். மறுபக்கத்துக்குப் பார்ப்பதற்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து இரு குழுவின் எலும்பு அடர்த்தியும் ஒரே அளவில்தான் முன்னேறியிருந்தது. 2014இல் வெளியான முடிவு அது.

800 யூனிட் போதாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். சிகிச்சையில் இருந்த பதின்ம வயதினருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையிலும் எலும்பு அடர்த்தி ஒட்டுமொத்தமாக மேம்படவில்லை. ரத்தத்தில் அளவு ஏறியது, எலும்பு அசையவில்லை. ஸ்டீராய்டு எலும்பு கட்டும் அணுக்களை முடக்கி வைத்திருக்கும்போது, கட்டுவதற்கான பொருளைக் கூட்டிக் கொடுத்துப் பயன் அதிகமில்லை.

செயின்ட் ஜூட் முடிவை வைத்து வைட்டமின் டியே தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பிழை. 8 நானோகிராம் இருக்கும் பிள்ளைக்கு எலும்பில் சுண்ணாம்பே சரியாகப் படியாது. தசை வலிக்கும், நடை தள்ளாடும். அந்தப் பிள்ளையை 20க்கு மேல் கொண்டுவருவது சிகிச்சை. 28 இருப்பவரை 50க்கு ஏற்றுவது வெறும் செலவு.

டெக்ஸா ஸ்கேனா, பக்கவாட்டு எக்ஸ்ரேயா

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. டெக்ஸா எலும்பின் அடர்த்தியை அளக்கும். எக்ஸ்ரே ஏற்கெனவே முறிந்திருக்கிறதா என்று காட்டும். ஒன்றுதான் முடியும் என்றால், முதுகு வலி உள்ள பிள்ளைக்கும், சிகிச்சையின்போது உயரம் நின்றுபோன அல்லது குறைந்த பிள்ளைக்கும் முதலில் பக்கவாட்டு முதுகெலும்பு எக்ஸ்ரே என்பது எங்கள் கருத்து. ஒரு முள்ளெலும்பின் உயரம் 20 சதவீதத்துக்கு மேல் அமுங்கியிருந்தால் அது முறிவு. 25 வரை லேசானது, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பலத்த அடி ஏதுமில்லாமல் இப்படி ஒரு முறிவு இருந்தாலே, அடர்த்தி எவ்வளவாக இருந்தாலும், குழந்தைக்கு ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், என்று சர்வதேச வரையறை ஏற்கிறது. முதுகெலும்பு முறிவு இல்லாதபோது அடர்த்தி எண் மட்டும் போதாது. இசட் ஸ்கோர், அதாவது அதே வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண், மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். அதோடு நீள எலும்பு முறிவு பத்து வயதுக்குள் இரண்டாவது, அல்லது பத்தொன்பது வயதுக்குள் மூன்றாவது இருக்க வேண்டும்.

டெக்ஸா எடுக்கப்போனால் நான்கு விஷயம் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கான மென்பொருளில் எடுத்து, இளம் வயதுப் பெரியவரோடு ஒப்பிடும் டி (T) ஸ்கோர் போட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு ஆஸ்டியோபோரோசிஸ் என்று அச்சிட்டுத் தரும் மையங்கள் உண்டு. இருபது வயதுக்குக் கீழ் இசட் ஸ்கோர் மட்டுமே செல்லும். அது அதே வயது, அதே பாலினத்தோடு ஒப்பிடுவது. எடுக்க வேண்டிய இடங்கள் கீழ்முதுகின் நான்கு முள்ளெலும்புகளும், தலையை நீக்கிய முழு உடலும். இடுப்பு மூட்டு வளரும் வயதில் நம்பகமில்லை. பிள்ளை வயதுக்கு மிகக் குள்ளமாக இருந்தால் எலும்பு சிறியதாக இருப்பதாலேயே அடர்த்தி குறைவாகத் தெரியும். உயரத்துக்கு ஏற்பத் திருத்திய இசட் ஸ்கோரைக் கேட்க வேண்டும். கடைசியாக, நேரம். கீமோ முடிந்த மாதத்திலேயே எடுத்தால் பள்ளத்தின் அடியைத்தான் அளக்கிறோம். ஸ்டீராய்டு நின்ற பிறகு பெரும்பாலான பிள்ளைகளின் எலும்பு தானாகவே மீளத் தொடங்கும்.

யாருக்கு எடுப்பது என்பதில் வழிகாட்டல்களே ஒத்துப்போவதில்லை. அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் 2018 பதிப்பு, ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்ஸேட்டோ பெற்ற எல்லோருக்கும், அதாவது ஏ.எல்.எல். பிள்ளைகள் அனைவருக்கும், நீண்டகாலக் கண்காணிப்பு தொடங்கும்போது ஒரு டெக்ஸா எடுக்கச் சொன்னது. 2021இல் வெளியான சர்வதேச ஒருங்கிணைப்புக் குழுவின் வழிகாட்டல் வட்டத்தைச் சுருக்கி, தலைக்கோ தலை-முதுகுத்தண்டுக்கோ கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கு உறுதியாகவும், முழு உடல் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கு நியாயம் என்ற அளவிலும் பரிந்துரைத்தது. சிகிச்சை முடிந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் முதல் ஸ்கேன். அது இயல்பாக இருந்தால் அடுத்தது எலும்பு உச்ச அடர்த்தியை எட்டும் 25 வயதில். எல்லோருக்கும் ஆண்டுதோறும் எடுக்கும் பழக்கத்துக்கு இந்த இரண்டு வழிகாட்டலிலும் ஆதாரமில்லை. செலவு கையிலிருந்து போகும் நம் சூழலில் சுருக்கிய வட்டமே பொருத்தம், அதோடு முறிவோ முதுகு வலியோ உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓட்டம், குதித்தல், அதிர்வுப் பலகை

எலும்பு அதன் மேல் விழும் அதிர்ச்சிக்கு ஏற்பத் தடிக்கும். ஆரோக்கியமான பள்ளிப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவின் ஓரிகனில் நடந்த ஒரு சோதனையில், 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து ஒரு வகுப்புக்கு 100 முறை, வாரம் மூன்று நாள், ஏழு மாதம் குதித்தவர்களுக்குத் தொடை எலும்புக் கழுத்தில் 4.5 சதவீதமும் கீழ்முதுகில் 3.1 சதவீதமும் கனிமச் சத்து மற்றவர்களைவிடக் கூடியது.

ஆனால் லுகேமியாவிலிருந்து மீண்ட பிள்ளையை நேராகப் பெட்டி மேல் ஏற்றிவிட முடியாது. முதலில் ஏ.வி.என். இல்லை என்று தெரிய வேண்டும். ஸ்டீராய்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு மூட்டுக்குள் எலும்பு செத்துப்போகும் நிலை அது. பத்து வயதுக்கு மேல் நோய் வந்தவர்களுக்கு அதிகம். இடுப்பு, முழங்கால் வலி, நொண்டல், தொடையை உள்பக்கம் திருப்பும்போது வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தொடக்க நிலையில் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கும், டெக்ஸாவிலும் தெரியாது. வைட்டமின் டி கொடுத்து இதைத் தடுக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. கால் வலிக்கு மாதக்கணக்கில் டி மாத்திரை சாப்பிட்டு ஏ.வி.என். முற்றிவிடுவதுதான் இந்தத் துறையில் வருத்தமான தாமதம். ஏ.வி.என்.னோ முதுகெலும்பு முறிவோ இருந்தால் குதித்தல் கூடாது; நீச்சல், சைக்கிள், பிசியோ சொல்லும் தசைப் பயிற்சி.

இரண்டும் இல்லையென்றால் படிப்படியாகக் கூட்டலாம். வின்கிரிஸ்டினால் குதிகால் தசை இறுகியிருக்கும் பிள்ளைக்கு முதல் ஆறு வாரம் சுவரைப் பிடித்துக் கெண்டைக்கால் நீட்டுதல், குதிகால் தூக்கி இறக்குதல், படியேறுதல். தடுக்காமல் நடக்கத் தொடங்கிய பின் கயிறு தாண்டுதல், பாண்டி, கபடி, இறகுப்பந்து. இலக்கு உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதே: நாளுக்கு 60 நிமிட உடலசைவு, வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை. டியூஷன் நேரம்தான் இதற்குப் பெரிய எதிரி.

அதிர்வுப் பலகை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. செயின்ட் ஜூட்டில் 65 பிள்ளைகளை வைத்து, தினம் 20 நிமிடம் மெல்லிய அதிர்வுப் பலகையில் ஓராண்டு நிற்கவைத்தார்கள்; ஒழுங்காக நின்றவர்களுக்கு முழு உடல் அடர்த்தி சற்று ஏறியது. அது மிகக் குறைந்த விசையில் அதிரும் ஆய்வுக் கருவி. ஜிம்மிலும் ஆன்லைனிலும் விற்பவை பல மடங்கு வன்மையாக அதிர்பவை. அவற்றை அந்த முடிவை வைத்து வாங்கக் கூடாது.

ஹார்மோனைப் பார்க்காமல் விட்டால்

பெண் பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, ஆண் பிள்ளைக்கு 14 ஆகியும் விதை பெரிதாகவில்லை, அல்லது வளர்ச்சிக் கோட்டில் உயரம் தேங்குகிறது என்றால் ஹார்மோன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பருவ வயதின் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகச் சேரும். ஈஸ்ட்ரோஜனோ டெஸ்டோஸ்டிரோனோ வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் அந்த ஆண்டுகளின் இழப்பைக் கால்சியத்தால் ஈடுகட்ட முடியாது. தலைக்கு 18 கிரேயோ (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) அதற்கு மேலோ, விதைப்பைக்கு, அல்லது முழு உடலுக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்கள் இதில் முன்வரிசை. தைராய்டு மாத்திரை தேவைக்கு மேல் போனாலும் எலும்பு கரையும் என்பதால் அந்த அளவையும் சரிபார்க்க வேண்டும்.

ஜோலெட்ரோனிக் அமிலமா, காத்திருப்பதா

முதுகெலும்பு முறிவு இருந்தும் பிள்ளை சிறியது, ஸ்டீராய்டு முடிந்துவிட்டது, வலி இல்லை என்றால் காத்திருப்பது நியாயம். வளர இன்னும் ஆண்டுகள் மிச்சமிருப்பவர்களுக்கு அமுங்கிய முள்ளெலும்பு மறுபடி உயரம் பெறுவதுண்டு. பதின்ம வயதைத் தாண்டியவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஸ்டாப் ஆய்வில் முறிவு கண்டவர்களில் ஏறக்குறைய கால்பங்கினருக்கு உருக்குலைவு நிலைத்துவிட்டது. வலி தொடரும், முறிவு பலவாகும், வளர்ச்சி மிச்சமில்லை என்ற நிலையில்தான் எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்பனேட் வகை ஊசி. வழக்கமான அளவு ஜோலெட்ரோனிக் அமிலம் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை; முதல் தடவை அதைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள். முதல் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரும்.

வைட்டமின் டி தன் முழு முக்கியத்துவத்தைப் பெறுவது இங்கே. குறைபாட்டோடு இந்த ஊசியைப் போட்டால் ரத்தக் கால்சியம் சட்டென்று இறங்கி விரல் இழுக்கும், வலிப்பு வரலாம். ஊசிக்கு முன் 20 நானோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும், கால்சியம் இயல்பில் இருக்க வேண்டும், பல் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். எலும்புக்குள் பல ஆண்டு தங்கும் மருந்து என்பதால், அடர்த்தி எண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, முறிவு இல்லாத பிள்ளைக்கு இதை ஏற்கக் கூடாது.

தலைக்குக் கரண்ட் வைத்த தலைமுறை

இந்தியாவில் 1980களின் நடுவிலிருந்து பல பெரிய மையங்களில், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் உட்பட, எம்.சி.பி. 841 என்ற முறையில் ஏ.எல்.எல். சிகிச்சை நடந்தது. அதில் மூளைக்கு நோய் பரவாமல் தடுக்கத் தலைக்குக் கதிர்வீச்சும் சேர்ந்திருந்தது. அன்று ஐந்து வயதில் மீண்டவர்கள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். பலர் கண்காணிப்பை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. சர்வதேச வழிகாட்டல் டெக்ஸாவை உறுதியாகப் பரிந்துரைப்பது இவர்களுக்குத்தான். 25 வயது ஸ்கேனைத் தவறவிட்டவர்கள் இப்போது ஒருமுறை எடுக்கலாம். கூடவே ஹார்மோன் அளவுகளும்.

சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ரெக்கார்ட் பிரிவில் சிகிச்சைச் சுருக்கம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதில் நான்கு விவரம் இருந்தால் எலும்பு மருத்துவருக்குப் போதும்: கதிர்வீச்சு எந்தப் பகுதிக்கு, எத்தனை கிரே; பிரெட்னிசோலோனா, டெக்ஸாமெத்தசோனா, மொத்தம் எவ்வளவு; மஜ்ஜை மாற்று நடந்ததா; சிகிச்சைக் காலத்தில் எலும்பு முறிவோ ஏ.வி.என்.னோ பதிவாகியிருக்கிறதா. டெக்ஸாவுக்குப் போகும் நாளில் இந்தத் தாளின் நகலையும், அளந்த உயரத்தையும், கடைசியாக எடுத்த 25-ஹைட்ராக்ஸி ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.